கொடையாளி எண் பதினொன்று

மூன்றாவது முறையாக நேற்று இரவு
ஒன்பதே காலுக்கு அமிலம் விட்டேன்.
நீலம் மஞ்சளானது,
ஆகவேண்டிய குழிகளில்.
ஆகக் கூடாத ஒன்றிலும்.

தட்டில் தொண்ணூற்றாறு குழிகள்.
நிரப்பும்போதெல்லாம்
சிற்றிலக்கியம் தொண்ணூற்றாறு என்று
எந்தப் பரீட்சைக்கோ உருப்போட்டது வரும்.
உலா, தூது, பரணி.
மீதித் தொண்ணூற்று மூன்றும் மறந்துபோயிற்று.

பதினொன்று நோயற்ற கொடையாளி.
படத்தின் அடிக்கோட்டில்
மற்ற சாம்பல் புள்ளிகளோடு
பேசாமல் ஒட்டிக் கிடக்கவேண்டியது.
பெயர் யாருக்கும் தெரியக் கூடாது என்பது விதி.
எனக்குத் தெரியும்.
மார்ச்சில் ஆள் போதாமல்
நான்தான் சட்டைக் கையைச் சுருட்டினேன்.
ஆன்னெகிரெட் ஊசி ஏற்றினாள்,
"உனக்கு நல்ல நரம்பு" என்றாள்.
அதை வீடுவரை கொண்டுபோனேன்.
அந்த வாரம் வேறு பாராட்டு கிடைக்கவில்லை.

முதல் முறை, குழாய் மாறியிருக்கும் என்றேன்.
இரண்டாம் முறை, தட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று
யோரின்டேயைக் கடிந்துகொண்டேன்.
பாவம், ஒழுங்காகக் கழுவுகிறவள்.

எங்களுக்கு இங்கே ஒரே கேள்வி:
எது தன், எது பிற.
அணுக்கள் அதை நெஞ்செலும்புக்குப் பின்னாலுள்ள
சிறு சுரப்பியில் கற்கின்றன.
தன்னையே இறுகப் பிடிப்பவை அங்கேயே சாகும்.
எதையும் பிடிக்கத் தெரியாதவையும் சாகும்.
நூற்றில் இரண்டோ மூன்றோ வெளியே வரும்.
வகுப்பில் நான் இதைச் சொல்லும்போது
முன்வரிசை மாணவர்கள் குறிப்பெடுப்பார்கள்.
பின்வரிசையில் ஒப்பந்தக்காரர்கள்
ஒருவரையொருவர் பார்த்துச் சிரிப்பார்கள்.

என் ஒப்பந்தம் நவம்பரில் முடிகிறது.
கீலுக்கு எழுதினேன், உல்முக்கு எழுதினேன்.
லூபெக்கின் பதில் அவ்வளவு மரியாதையாகத் தொடங்கியது,
மேலே படிக்க அவசியம் இருக்கவில்லை.

குளிர்கிறது என்றேன் போன ஆண்டு முழுக்க.
மலைக்கணவாய்க் காற்று,
ஃப்ரைபுர்க்கில் சாயங்காலம் அப்படித்தான் என்றார்கள்.
வெயில் நாட்டுக்காரி, குளிரத்தான் செய்யும் என்றார்கள்.
நானும் அதையே சொல்லிக்கொண்டு
இரண்டு கம்பளிச் சட்டை வாங்கினேன்.
குளியலறை வடிகாலில் முடி அடைத்தது;
தண்ணீரில் சுண்ணாம்பு.
பகல் மூன்று மணிக்குத் தூக்கம் அமுக்கியது;
நவம்பர்.
எல்லாவற்றுக்கும் என்னிடம் காரணம் இருந்தது.
கழுத்துக்குள் ஒன்று, தேர்வில் தப்பி வந்தது,
நிதானமாகத் தின்றுகொண்டிருந்தது.

காலையில் யோரின்டே திரையைத் திருப்பிக் காட்டினாள்.
சாம்பல் கூட்டத்துக்கு மேலே
தனியாக ஒரு புள்ளி,
கல்யாண வீட்டில் தப்பான மண்டபத்துக்கு
வந்துவிட்ட விருந்தாளி மாதிரி.
"இதை எடுத்துவிடலாமா?
கோடு அழகாகிவிடும்."
"எடுக்காதே" என்றேன்.
குரல் கொஞ்சம் உயர்ந்துவிட்டது.
"எடுத்தால், ஏன் எடுத்தோம் என்று எழுதவேண்டும்."
"ஏன் எடுத்தோம்?"
தேநீர் போட எழுந்துபோனேன்.

வழியில் தெருவோர ஓடையில் கால் தவறி விழுந்தது.
இதில் கால் நனைத்தவள்
இந்த ஊர்க்காரனைக் கட்டுவாள் என்பார்கள்.
எனக்கு ஈரக் காலுறைதான் வாய்த்தது,
அதோடுதான் மருத்துவர் முன் உட்கார்ந்தேன்.

நல்ல மனிதர். அவசரப்படவில்லை.
பயப்படாதீர்கள், தினம் ஒரு மாத்திரை,
வெறும் வயிற்றில் என்றார்.
பிறகு ஒரு தாளை எடுத்து,
உடம்பு தன்னைத் தானே தவறாகப் புரிந்துகொள்வதை
எனக்கு விளங்கவைக்கத் தொடங்கினார்.
எதிர்ப்புரதம் இப்படி இருக்கும் என்று
கவட்டைக் கம்பு ஒன்று வரைந்தார்.
தலைகீழாக வரைந்திருந்தார்.
நான் தலையாட்டிக்கொண்டு கேட்டேன்.
பதினோரு ஆண்டில் யாரும் எனக்கு
இதை இவ்வளவு பொறுமையாகச் சொன்னதில்லை.

முடிவில் படிவத்தைத் தன் பக்கம் இழுத்து
பேனாவைத் திறந்தார்.
"தொழில்?"

"நவம்பர் வரை" என்றேன்,
"நோயெதிர்ப்பியல்."

அவர் தாளைப் பார்த்தார்.
என்னைப் பார்த்தார்.
ஒரு விரலால் மெல்ல
அந்தக் கவட்டையை
நேராகத் திருப்பிவைத்தார்.